குரல் ஓய்வு: யாருக்கு, எத்தனை நாள், எப்படி

தொண்டை கட்டி, குரல் கம்மி, "கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள்" என்ற அறிவுரையோடு வீடு திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர்கள், பாடகர்கள், நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசும் வேலையில் இருப்பவர்கள், குரல் நாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்று பலருக்கும் இந்த அறிவுரை ஒரே வரியில் கிடைக்கிறது. எத்தனை நாள், எந்த அளவுக்கு, அப்புறம் எப்படிப் பேசத் தொடங்குவது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதனால் ஒருவர் நாலு நாள் கிசுகிசுத்துவிட்டு ஓய்வெடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். இன்னொருவர் ஒரு மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, முதல் நாளே வகுப்பில் கத்துகிறார். இரண்டிலும் குரல் தேறுவதில்லை.

குரல் ஓய்வுக்கு அளவு உண்டு, காலக்கெடு உண்டு, முடித்துக்கொள்ளும் முறையும் உண்டு. எல்லாத் தொண்டைக் கோளாறுக்கும் அது பொருந்தாது. இந்த நான்கையும் தெரிந்துகொண்டு இருக்கும் மூன்று நாள் மௌனம், தெரியாமல் இருக்கும் மூன்று வாரத்தைவிட மேல்.

உள்ளே என்ன நடக்கிறது

குரல்வளைக்குள் முன்னிருந்து பின்னாக, பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்திருக்கும் இரண்டு மெல்லிய மடிப்புகள்தான் குரல் நாண்கள். மூச்சு விடும்போது விலகியிருக்கும். பேசும்போது நெருங்கி வந்து, கீழிருந்து வரும் காற்றில் அதிர்ந்து ஒன்றோடொன்று மோதும். சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை, பெண்களுக்கு 180 முதல் 220 தடவை இந்த மோதல் நடக்கிறது. ஒரு மணி நேர வகுப்பில் ஓர் ஆசிரியை 20 நிமிடம் மட்டுமே குரல் எழுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 200 என்றால் 2,40,000 மோதல். ஒரு வகுப்புக்கு மட்டும்.

நாணின் மேல்தோலுக்குக் கீழே நெகிழ்வான ஓர் அடுக்கு இருக்கிறது. அது தளர்வாக இருப்பதால்தான் நாண் இவ்வளவு வேகமாக அதிர முடிகிறது. அடிபட்டால் அங்கேதான் நீர் கோக்கும், ரத்தம் கசியும். மாதக்கணக்கில் அடி தொடர்ந்தால், மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு ஏறுவதைப் போல, அதிகம் மோதும் இடத்தில் இரு பக்கமும் தடித்து முடிச்சு விழும். மோதலை நிறுத்திவைத்து வீக்கம் வடிய நேரம் கொடுப்பதுதான் குரல் ஓய்வின் வேலை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

முதல் படி: நாணைப் பார்க்கச் சொல்லுங்கள்

சளி, இருமலோடு வந்த குரல் கம்மல் என்றால் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகும். அதற்கு ஆன்டிபயாட்டிக் உதவாது. அந்த நாட்களில் குறைவாகவும் மெதுவாகவும் பேசினால் போதும்.

அதைத் தாண்டியும் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வாரத்தில் குரல் சரியாகவில்லை என்றால் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. நாணைப் பார்க்காமலே ஸ்டீராய்டு கொடுப்பதையும், குரல் கரகரப்பை மட்டும் வைத்து அமில எதிர்ப்பு மாத்திரை எழுதுவதையும் அது ஏற்பதில்லை.

சிலர் நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூச்சு விடச் சிரமம், மூச்சு இழுக்கும்போது சத்தம், இருமலில் ரத்தம், விழுங்கக் கஷ்டம், கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதுவலி, கழுத்திலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் மாறியது, புகைபிடிப்பவருக்கு வந்த கரகரப்பு ஆகியவை இருந்தால் உடனே போக வேண்டும். இவற்றில் மூச்சுத் திணறலும் ரத்தமும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உரியவை. பாடிக்கொண்டோ கத்திக்கொண்டோ இருக்கும்போது நடுவில் சட்டென்று குரல் போய்விட்டால், அந்த நிமிடமே பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நாணுக்குள் ரத்தக் குழாய் வெடித்திருக்கலாம். வலி இருக்காது என்பதால் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள்.

சோதனையைக் கண்டு பயப்பட வேண்டாம். 1854இல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் சிறு கண்ணாடியும் சூரிய ஒளியும் கொண்டு தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். இன்று மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கு வழியாகச் சில நிமிடம் விட்டுப் பார்க்கிறார்கள். அந்த லாரிங்கோஸ்கோபியோடு, நாண் அதிர்வதை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோபி வசதியும் இருந்தால் இன்னும் நல்லது. குரலை நம்பிப் பிழைப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளலாம்.

பார்த்த பிறகே ஓய்வு உங்களுக்கு உதவுமா என்று தெரியும். ரத்தக்கசிவு, கத்தியதால் வந்த கடும் வீக்கம், அறுவை சிகிச்சைப் புண் ஆகியவற்றுக்கு ஓய்வு கட்டாயம். முடிச்சுக்கு ஓய்வு தற்காலிக நிம்மதி தரும். பேசும் முறை மாறாவிட்டால் முடிச்சு திரும்பி வரும் என்பதால் அங்கே குரல் பயிற்சிதான் முதல் சிகிச்சை. நரம்பு பாதித்து நாண் அசையாமல் போனவருக்கு எத்தனை நாள் மௌனம் இருந்தாலும் நாண் அசையாது. தசை இறுக்கத்தால் குரல் கெட்டவருக்கு நீண்ட மௌனம் பயத்தையும் இறுக்கத்தையும் கூட்டவே செய்யும். புகையால் வீங்கிய நாணுக்குப் புகையை விடுவதுதான் வழி.

இரண்டாம் படி: எந்த வகை, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஓய்வில் இரண்டு வகை உண்டு. முழு ஓய்வில் எந்த ஒலியும் கூடாது. பகுதி ஓய்வில் தேவையானதை மட்டும், கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம், இயல்பான மெல்லிய குரலில் பேசலாம். மருத்துவர் "பேசாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் எழுந்து வராதீர்கள். முழுசா, பகுதியா? எந்தத் தேதி வரை? திரும்ப எப்போது பார்ப்பீர்கள்? மூன்றுக்கும் பதில் வாங்குங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் முழு ஓய்வு சொல்வார்கள். ரத்தக்கசிவுக்கும் பெரும்பாலும் நாள் கணக்குதான். சில வேளை ஒரு வாரத்தைத் தாண்டலாம், அதை மறுபரிசோதனை தீர்மானிக்கும். கூடுதலாக இருந்தால் கூடுதலாக ஆறும் என்று நீங்களாக நாளை நீட்டாதீர்கள். ஜப்பானில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், குரல் நாண் அறுவை சிகிச்சை செய்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 3 நாள், இன்னொரு குழுவுக்கு 7 நாள் முழு ஓய்வு கொடுத்தார்கள். இரு குழுவுக்கும் அதன் பிறகு குரல் பயிற்சி தந்தார்கள். நன்றாகத் தேறியவர்கள் 3 நாள் குழுவினர். ஆறிவரும் திசுவுக்கு அளவான அசைவு தேவைப்படுகிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். பல வாரம் பேசாமலே இருந்தால் குரல் தசைகளும் வலுவிழக்கும். அதற்காக உங்கள் மருத்துவர் ஏழு நாள் சொல்லியிருந்தால் மூன்றாம் நாளே பேசிவிட வேண்டாம். உங்கள் நாணில் எவ்வளவு வெட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை: ஓடி விளையாடும் பிள்ளையை நாள் கணக்கில் வாய்மூடி இருக்கச் சொல்வது நடக்காது, தேவையும் அரிது. கத்தாமல் பேசப் பழக்குவதும் குரல் பயிற்சியாளரிடம் அழைத்துப்போவதும்தான் அவர்களுக்குச் சரி.

மூன்றாம் படி: மௌனத்துக்கு முந்தைய நாள்

முழு ஓய்வு சறுக்குவது பெரும்பாலும் முன்னேற்பாடு இல்லாததால்தான். விடுப்பு சொல்ல வேண்டிய இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "தொண்டை சிகிச்சை, இந்தத் தேதி வரை பேச முடியாது, செய்தி அனுப்புங்கள்" என்று ஒரு வாசகத்தை வாட்ஸ்அப்பில் நிலைத்தகவலாக வையுங்கள். அதையே ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் வெளியே போகும்போது காட்டலாம்.

எழுதியதைப் படித்துக் காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் ஏற்றி, அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை முன்பே சேமித்து வையுங்கள். வீட்டில் அழித்து எழுதும் சிறு வெண்பலகை கைபேசியைவிட வசதி. அடுத்த அறையில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். மணி, கைதட்டல், மேசையில் தட்டுவது என்று எதுவானாலும் சரி. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். மௌனம் கலைவது பெரும்பாலும் அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடும்போதுதான். வீட்டில் தனியாக இருப்பவர்கள், அவசரத்துக்கு யாருக்கு எப்படிச் செய்தி போகும் என்பதையும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆனால் உண்மையான ஆபத்தில் கத்தித்தான் ஆக வேண்டும் என்றால் கத்துங்கள். உயிரைவிட நாண் பெரிதல்ல.

வீட்டாரிடம் இரண்டு வேண்டுகோள் வையுங்கள். ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேள்வி கேட்கட்டும். அப்புறம், நீங்கள் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருக்கட்டும். பேசாதவரிடம் மற்றவர்களும் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பிப்பார்கள், அதைக் கேட்டு உங்களுக்கும் கிசுகிசுக்கத் தோன்றும். அதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

நான்காம் படி: மௌன நாட்கள்

கிசுகிசுப்பது ஓய்வு ஆகாது. புதியவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் முதலிடம். கிசுகிசுக்கும்போது நாண் அவ்வளவாக அதிர்வதில்லை என்பது உண்மை. ஆனால் பலருக்கு அப்போது குரல்வளையின் மேற்பகுதி இன்னும் இறுகுகிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், குரல் மருத்துவரிடம் வந்த 100 பேரைக் கிசுகிசுக்கச் சொல்லிக் கேமராவில் பார்த்தார்கள். 69 பேருக்கு இறுக்கம் கூடியது, 18 பேருக்கு மாற்றம் இல்லை, 13 பேருக்குக் குறைந்தது. நீங்கள் அந்த 13 பேரில் ஒருவரா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. எனவே முழு ஓய்வில் கிசுகிசுப்பு வேண்டாம். பகுதி ஓய்வில் பேச வேண்டிய நேரம் வந்தால் கிசுகிசுக்காமல் இயல்பான மெல்லிய குரலில் பேசிவிடுங்கள்.

ஓசையில்லாமல் வாயசைத்துப் பேசுவதும் நல்லதல்ல. வாய் அசைந்தால் தொண்டையும் தன்னையறியாமல் தயாராகி இறுகும். முணுமுணுப்பது, 'ம்' கொட்டுவது, வாய்க்குள் பாடுவது, வாய்விட்டுச் சிரிப்பது எல்லாமே குரல்தான். இந்த 'ம்' ரொம்பப் பொல்லாதது. மற்றவர் பேசப் பேச நாம் 'ம்' கொட்டுவது பழக்கம், ஒரு நாளில் அது எத்தனை தடவை என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். தலையசைக்கப் பழகுங்கள்.

அடுத்தது செருமல். தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு வரும்போது செருமினால் இரண்டு நாண்களும் பலமாக அறைந்துகொள்ளும். அதனால் இன்னும் வீங்கும், வீங்கினால் மறுபடி ஒட்டியிருப்பது போலத் தோன்றும், மறுபடி செருமத் தூண்டும். உணர்வு வந்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, தாடையை நெஞ்சை நோக்கிக் கொஞ்சம் தாழ்த்தி விழுங்குங்கள். போகவில்லை என்றால் வாயைத் திறந்து ஒலியே இல்லாமல் 'ஹ்' என்று காற்றை மட்டும் தள்ளி, உடனே விழுங்குங்கள். இருமல் இருந்தால் அதற்கான சிகிச்சையை மருத்துவரிடம் கேளுங்கள். இருமிக்கொண்டே எடுக்கும் குரல் ஓய்வில் பயன் குறைவு.

கனம் தூக்குவதைப் பலர் யோசிப்பதே இல்லை. மூச்சைப் பிடித்துப் பளுவைத் தூக்கும்போது நாண்கள் இறுக மூடிக் காற்றை அடைத்துப் பிடிக்கின்றன. ஆகவே மௌன நாட்களில் பளு தூக்கும் உடற்பயிற்சி வேண்டாம், நடை போதும். மலச்சிக்கலில் முக்குவதும் அதே அழுத்தம்தான். காற்றுக் கருவி வாசிப்பவர்கள் அதையும் நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரத்தக்கசிவு உள்ளவர்கள் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, அவை ரத்தம் உறைவதைக் குறைக்கும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர் அதைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. இரண்டையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

தெரியாமல் ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிட்டதே என்று இடிந்துபோக வேண்டாம். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மௌனத்தைத் தொடருங்கள்.

பேசாமல் இருப்பது மனதையும் சோர்வடையச் செய்யும். மூன்றாம் நாள் வாக்கில் எரிச்சலும் தனிமையும் வருவது இயல்பு. கூட்டமான இடங்களைத் தவிர்த்து, எழுதிப் பேசும் பொறுமையுள்ள ஒருவரோடு நேரம் செலவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஈரம்

குடிக்கும் தண்ணீர் குரல் நாணைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே போகிறது. தொட்டால் புரையேறும். உடலில் நீர் போதுமான அளவு இருந்தால் நாணின் மேலுள்ள சளிப்படலமும் மெல்லியதாக, வழுவழுப்பாக இருக்கும். அதனால்தான் நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிக்கச் சொல்கிறார்கள். வாய் கொப்பளிப்பதும் இனிப்பு மிட்டாய் சப்புவதும் தொண்டைக்கு இதம் தரலாம், நாண் வரை போகாது. நாணை நேராக ஈரப்படுத்துவது மூச்சில் போகும் ஈரம்தான். ஆவி பிடிக்கலாம், ஆனால் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிந்து பலர் சுட்டுக்கொள்கிறார்கள். சூடு தணிந்த நீராவியோ, கதவு மூடிய குளியலறையில் வெந்நீர் ஆவியோ போதும். புகை வேண்டவே வேண்டாம், அடுத்தவர் விடும் புகையும்தான். சளிக்கான சில மாத்திரைகள் தொண்டையை வறளவைக்கும், எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பேசத் தொடங்குவது

கெடு முடிந்த அன்று காலை ஆவலில் எல்லோருக்கும் போன் போட்டுப் பேசுவதுதான் ஓய்வின் பலனைக் கரைக்கும் வேகமான வழி. முதலில் மறுபரிசோதனை. நாண் ஆறியிருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு படிப்படியாகத் தொடங்குங்கள். குரல் பயிற்சியாளர் இருந்தால் அவர் போட்டுத் தரும் அட்டவணைதான் முக்கியம். ஒரு மாதிரிக்கு: முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு 5 நிமிடப் பேச்சு, மீதி நேரம் மௌனம். அடுத்த நாள் 10, பிறகு 15, 20 என்று ஏற்றுவது. அந்த நிமிடங்களிலும் அமைதியான அறை, எதிரில் ஒருவர், இயல்பான சுருதி.

பேச்சுக்கு முன் குரலைத் தட்டி எழுப்ப ஸ்ட்ரா பயிற்சி நல்லது. குவளையில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் முனை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மூழ்கும்படி வைத்து, அதன் வழியே 'ஊ' என்று மெல்லிய குரலில் ஊதுங்கள். குமிழி சீராக வர வேண்டும், கன்னமும் கழுத்தும் தளர்ந்திருக்க வேண்டும். வாய் குறுகலாக இருப்பதால் காற்றழுத்தம் சற்றே திரும்பி வந்து நாண்களை மிதமாக விலக்கிப் பிடிக்கும். அதனால் மோதல் மெல்லியதாகும். இங்கோ டிட்ஸே என்ற அமெரிக்கக் குரல் அறிவியலாளர் ஸ்ட்ரா பயிற்சியைப் பரவலாக்கினார். ஒன்றிரண்டு நிமிடம், நாளில் சில தடவை போதும். அறுவை சிகிச்சை ஆனவர்கள் எந்த நாளில் தொடங்கலாம் என்று கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

தினமும் காலையில் ஒரே சோதனை செய்து குறித்து வையுங்கள். உங்களுக்கு எட்டும் உயர்ந்த சுருதியில், மிக மெல்லிய குரலில், தெரிந்த பாட்டின் ஒரு வரியைப் பாடிப் பாருங்கள். நாணில் வீக்கம் இருந்தால் உரத்த குரலில் தெரியாது, இந்த மெல்லிய உச்சத்தில்தான் குரல் தாமதமாகத் தொடங்கும், அல்லது வெறும் காற்றாக உடையும். நேற்று வந்த சுருதி இன்று வரவில்லை என்றால் நேற்றுப் பேசியது அதிகம். அட்டவணையில் ஒரு படி இறங்குங்கள்.

ஏழாம் படி: வேலைக்குத் திரும்பும்போது

எது இந்தக் கதிக்கு ஆளாக்கியதோ அதை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பினால் முடிச்சும் திரும்பும். சத்தமான இடத்தில் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். லொம்பார்ட் விளைவு என்று இதற்குப் பெயர், 1900களின் தொடக்கத்திலேயே கவனித்த விஷயம். அதை மனவுறுதியால் மட்டும் அடக்குவது கடினம். மின்விசிறியின் சத்தத்தைக் குறையுங்கள், கதவைச் சாத்துங்கள், கேட்பவர் அருகே போய்ப் பேசுங்கள்.

ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒலிபெருக்கியைத்தான். இடுப்பில் கட்டும் சிறு கருவியும் தலையில் மாட்டும் மைக்கும் போதும். குரல் கோளாறுள்ள ஆசிரியர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒலிபெருக்கி பயன்படுத்தியவர்களின் குரல் தெளிவாக மேம்பட்டது. குரல் பராமரிப்பு அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. மாணவர்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்ப்பார்கள், அப்புறம் பழகிவிடும். வகுப்பைக் கூப்பிட மணியோ கைதட்டலோ பயன்படுத்துங்கள். அடுத்தடுத்த வகுப்புகளுக்கு நடுவே பத்து நிமிடம் பேசாமல் இருக்க வழி பாருங்கள்.

பாடகர்கள் பேச்சு முழுமையாகத் திரும்பிய பிறகே பாட்டுக்குப் போக வேண்டும், அதிலும் நடு ஸ்தாயியில் குறுகிய நேரத்தில் தொடங்கி. ரத்தக்கசிவு வந்தவர் மறுபடி கேமராவில் பார்த்து உறுதி செய்யாமல் மேடை ஏறக் கூடாது. ஒத்துக்கொண்ட கச்சேரியை ரத்து செய்வது வேதனைதான், பண இழப்பும்தான். ஆனால் உள்ளே கசிந்த ரத்தம் இன்னும் கரையாத நாணோடு பாடினால் தழும்பு விழலாம். தழும்பு விழுந்த இடத்தில் நாண் பழையபடி நெகிழாது, அதை முழுமையாகச் சரிசெய்யும் சிகிச்சையும் இன்னும் இல்லை.

ஓய்வு, பயிற்சி இரண்டும் ஒழுங்காக முடித்தும் காலைச் சோதனையில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால், இன்னொரு வாரம் மௌனம் என்று நீங்களே தொடங்காதீர்கள். குறித்து வைத்த தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் மறுபடி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். முடிச்சு என்று நினைத்தது நீர்க்கட்டியாக இருக்கலாம். அப்படியானால் சிகிச்சையே வேறு.